தந்தியின் நீளமும் விரலின் சுகமும்

கிட்டார் வாசிப்பவரின் இடது கை படும் சிரமத்தையும் சுகத்தையும் விளக்கப் புகுவோர் முதலில் அறிய வேண்டியது, அக்கருவியின் தந்தி எவ்வளவு நீளத்துக்கு அதிர்கிறது என்பதாகும். தண்டியின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு எலும்புக் கட்டை அல்லது பிளாஸ்டிக் கட்டை 'நட்' எனப்படுகிறது. உடற்பலகையின் மேல் தந்திகள் அமரும் இடம் குதிரை. மெட்டுகள் எதிலும் விரல் வைக்காமல் மீட்டும்போது இவ்விரண்டுக்கும் இடையே அதிரும் பகுதியின் நீளமே, இசைக் கலைஞர்களும் கருவி செய்வோரும் 'ஸ்கேல் நீளம்' என்று குறிப்பிடும் அளவு. தந்தியின் தடிமனுக்கு ஏற்பக் குதிரை சில மில்லிமீட்டர் பின்னோக்கிச் சாய்த்துப் பொருத்தப்படுவதால், நட்டிலிருந்து 12ஆம் மெட்டு வரை அளந்து அதை இரட்டிப்பதே இந்நீளத்தை அறிவதற்கான நம்பகமான வழி. ஏனெனில் 12ஆம் மெட்டு திறந்த தந்தியின் சுரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்தும் இடம், அதாவது நீளம் சரிபாதியாகும் இடம்.

இந்த அளவின் விளைவுகளை ஆராய்வதற்குப் பினாங்குத் துறைமுகம் பொருத்தமான களம். 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கு ஆங்கிலேயரின் தளத்தை நிறுவிய பின், கப்பலேறி வந்த மக்களோடு அவர்களுடைய இசையும் ஜார்ஜ் டவுனில் கரையிறங்கியது. சென்னை மாகாணத்துச் சிப்பாய்களின் முகரம் கொண்டாட்டத்திலிருந்து இங்கே போரியா என்னும் பாட்டுக்கூத்து வளர்ந்தது. பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தில் 1880களில் பங்சாவான் நாடகம் உருவாயிற்று. போர்த்துகீசியரின் சிறிய கிட்டார்களிலிருந்து பத்தாவியாவை அடுத்த துகு கிராமத்தில் வேர்விட்ட குரோன்சோங் இசையும் தீபகற்பத்தின் துறைமுகங்களுக்குப் பரவியது. அதே போர்த்துகீசியக் குடும்பத்தின் மற்றொரு கிளை, 1879இல் மதேய்ரா தீவிலிருந்து ஹொனலுலு சென்ற 'ரேவன்ஸ்கிராக்' கப்பலின் பயணிகளோடு ஹவாயை அடைந்து, அங்கே உக்குலேலே என்னும் நான்கு தந்திக் கருவியாயிற்று. அளவில் சிறியதும் விலையில் எளியதுமான கருவிகள் துறைமுக நகரங்களில் விரைந்து பரவியதில் வியப்பில்லை.

பினாங்கில் 1929ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று பிறந்த பி. ரம்லீ, மலாய்த் திரையிசையின் தலைமகனாக உயர்ந்தவர். இளமையில் அவர் உக்குலேலேயும் கிட்டாரும் வயலினும் பயின்றதாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1948இல் சிங்கப்பூர் படப்பிடிப்பு நிலையத்துக்குப் புறப்படும் முன்பே இக்கருவிகள் அவருடைய கைக்குப் பழகிவிட்டிருந்தன. அவர் பிறந்த மரவீடு இன்று அவர் பெயர் தாங்கிய சாலையில் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அவருடைய கலையை அளப்பது வேறு நூலின் வேலை. இவ்வத்தியாயத்துக்கு வேண்டியது அந்த மூன்று கருவிகளின் நீளங்கள் மட்டுமே. சாதாரண சொப்ரானோ உக்குலேலேயின் தந்தி ஏறக்குறைய 345 மில்லிமீட்டர் அதிர்கிறது. முழு அளவு வயலினில் அது சுமார் 328 மி.மீ.; கிட்டாரில் சுமார் 650 மி.மீ. கிட்டாரின் இந்த அளவு, ஸ்பெயினின் அல்மெரியா நகரத்துக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817-1892) செய்த கருவிகளின் வழியாக நிலைபெற்றது.

மூன்று கருவிகளிலும் 'ஈ' என்னும் சுரத்துக்கு ஒரு திறந்த தந்தி உண்டு. கிட்டாரின் முதல் தந்தியும் உக்குலேலேயின் இரண்டாம் தந்தியும் ஒரே சுருதியில், நொடிக்கு ஏறத்தாழ 330 அதிர்வுகளில் ஒலிப்பவை. வயலினின் முதல் தந்தி அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 659 அதிர்வுகளில் ஒலிப்பது. ஒரே சுரத்தைக் கிட்டார் 650 மி.மீ. நீளத்திலும் உக்குலேலே அதன் பாதியை ஒட்டிய நீளத்திலும் எழுப்புகின்றன என்றால், ஈடுசெய்யும் வேறொன்று இருந்தாக வேண்டும். அது எது என்பதை 1636இல் வெளிவந்த தமது பெருநூலில் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் விதியாக வகுத்தார்: தந்தியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையினுடைய வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும். இதை வேறு வகையில் சொன்னால், ஒரே தந்தியை ஒரே சுருதியில் நிறுத்த வேண்டுமானால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். நீளத்தைப் பாதியாக்கினால் இழுவிசை கால்பங்காகும். கிட்டாரின் தந்தியை அப்படியே உக்குலேலேயில் பூட்டி அதே சுரத்துக்கு முறுக்கினால், முன்பிருந்த இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாமல் அது தொளதொளவென்று கிடக்கும். ஆகவேதான் குறுகிய கருவிக்கு அதே சுரத்துக்குத் தடித்த தந்தி தேவைப்படுகிறது.

இவ்விதியிலிருந்து எளிதில் கண்ணில் படாத ஓர் உண்மையும் பிறக்கிறது. தந்தி அறுபடுவது, அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் ஓரலகுக்கு விழும் விசையை, அதாவது தகைவைப் பொறுத்தது. தடித்த தந்திக்கு அதிக இழுவிசை வேண்டும். ஆனால் அதைத் தாங்கும் பரப்பும் அதே விகிதத்தில் அதிகம். எனவே கணக்கில் தடிமன் அடிபட்டுப் போய், தகைவைத் தீர்மானிப்பதாக எஞ்சுவது பொருளின் அடர்த்தியும், நீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கி வரும் எண்ணும் மட்டுமே. வயலினின் முதல் தந்திக்கு அப்பெருக்குத்தொகையைக் கணக்கிட்டுக் கிட்டாரின் முதல் தந்திக்குரியதோடு ஒப்பிட்டால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சதவீதமே வேறுபாடு காணப்படும். தோற்றத்திலும் வாசிப்பு முறையிலும் தொடர்பற்ற இரு கருவிகளை, வெவ்வேறு நாட்டுக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தந்தியின் தாங்கும் எல்லையை நோக்கி நகர்த்தி ஏறக்குறைய ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இசைக்கருவி வரலாற்றில் இதைக் காட்டிலும் அழகான ஒற்றுமை அரிது.

நீளத்தின் விளைவு கைக்கு முதலில் தெரிவது மெட்டுகளின் இடைவெளியில். இன்றைய சமசுரப் பகுப்பில் ஒவ்வொரு மெட்டும், அதற்கு முன் எஞ்சியிருக்கும் தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்து வரும் தொலைவில் பதிக்கப்படுகிறது. கலிலியோவின் தந்தையும் லூட் வாத்தியக் கலைஞருமான வின்சென்சோ கலிலேய் 1581இல் வெளியிட்ட நூலில் இதற்கு 18 என்ற எளிய எண்ணைக் கொடுத்திருந்தார். எண் எதுவாயினும், இடைவெளி முழுவதும் ஸ்கேல் நீளத்தின் பின்னம் என்பதால், நீளம் எவ்வளவு சதவீதம் மாறுகிறதோ அதே சதவீதம் ஒவ்வோர் இடைவெளியும் மாறும். நான்கு விரல்கள் காக்க வேண்டிய பரப்பு, அதாவது நட்டிலிருந்து நான்காம் மெட்டு வரையிலான தொலைவு, சொப்ரானோ உக்குலேலேயில் 71 மி.மீ.; 650 மி.மீ. கிட்டாரில் 134 மி.மீ.; 864 மி.மீ. நீளமுள்ள பேஸ் கிட்டாரில் 178 மி.மீ. உக்குலேலேயில் எல்லாச் சுரங்களையும் எட்டிப் பழகிய சிறு கை, கிட்டாரை எடுத்ததும் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிய வேண்டியிருக்கிறது. அந்த விரிப்பு பெரும்பாலும் சுண்டுவிரலின் மேலும் மணிக்கட்டின் மேலும் விழுகிறது. சிறுவர்களுக்கென்று செய்யப்படும் அரை அளவுக் கிட்டார்களில் ஸ்கேல் நீளம் சுமார் 530 மி.மீ., முக்கால் அளவில் சுமார் 580 மி.மீ. அவற்றில் அதே நான்கு மெட்டுப் பரப்பு முறையே 109, 120 மி.மீ. எனக் குறைகிறது.

இனி மின் கிட்டார் வாங்குவோரிடையே ஓயாமல் நடக்கும் ஒரு வாதத்தைக் கணக்கால் தீர்த்துப் பார்க்கலாம். 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஸ்கேல் நீளம் 648 மி.மீ.; 1952இல் வெளிவந்த கிப்சன் லெஸ் பாலுக்குச் சொல்லப்படும் நீளம் 629 மி.மீ. வேறுபாடு 19 மி.மீ., அதாவது மூன்று சதவீதம். பின்னது கைக்கு மென்மையாக இருக்கிறது என்பார் சிலர். வேறுபாடே தெரியவில்லை என்பார் வேறு சிலர். இரு தரப்பும் உண்மையையே கூறுகின்றன; வேறுபாடு தெரிவதும் தெரியாததும் அவரவர் கை செய்யும் வேலையைப் பொறுத்தது.

கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு முதல் தந்தியை எடுத்துக்கொண்டால், 648 மி.மீ. நீளத்தில் அதன் இழுவிசை சுமார் 7.4 கிலோகிராம் எடைக்குச் சமம், 629 மி.மீ. நீளத்தில் அது 7 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. நீளத்தில் மூன்று சதவீதம் குறைந்ததும் வர்க்க விதிப்படி இழுவிசையில் ஆறு சதவீதம் குறைகிறது. ஆனால் விரல் நேரடியாக எதிர்கொள்வது இந்த முழு இழுவிசையை அன்று. தந்தியை மெட்டின் மேல் அழுத்தத் தேவையான விசை, இழுவிசையோடு தந்தி வளையும் கோணத்தையும் பொறுத்தது. குறுகிய தந்தியில் அதே உயரத்தை அழுத்தக் கோணம் சற்றுக் கூடுவதால், இழுவிசையில் கிடைத்த ஆதாயத்தில் பாதி கரைந்து, அழுத்தும் விசை மூன்று சதவீதமே குறைகிறது.

தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும்போது நிலைமை வேறு. ஒரு முழுச் சுர இடைவெளி உயர்த்த வேண்டுமானால் இழுவிசையை 26 சதவீதம் கூட்ட வேண்டும். மேற்சொன்ன தந்தியில் இதற்குத் தேவைப்படும் நீட்சி, எஃகின் மீள்தன்மையைக் கொண்டு கணக்கிட்டால், முழு நீளத்திலும் சேர்ந்து 1.2 மி.மீ. மட்டுமே, நட்டுக்கும் குதிரைக்கும் அப்பால் இருக்கும் பகுதிகளும் கூடவே நீள்வதால் விரல் இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டிவரும். ஸ்கேல் நீளம் குறைந்தால் கூட்ட வேண்டிய இழுவிசையும் குறைகிறது, விரல் தள்ள வேண்டிய தொலைவும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து, தேவையான விசை ஏறக்குறைய நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. ஆகவே மூன்று சதவீத நீளக் குறைவு இங்கே ஒன்பது சதவீத ஆதாயமாகிறது. கார்டுகளை மட்டும் பிடித்துத் தாளம் வாசிப்பவர் உணர்வது மூன்று சதவீதம்; ப்ளூஸ் பாணியில் தந்தியை இழுத்து வாசிப்பவர் உணர்வது ஒன்பது சதவீதம். ஒரே இரு கருவிகளைப் பற்றி இருவர் இருவிதமாகச் சாட்சி சொல்வதன் காரணம் இதுவே.

தந்தியை இழுத்துச் சுரத்தை வளைப்பது தமிழர்க்குப் புதிதன்று. வீணையின் கமகங்கள் பெரும்பாலும் அதனாலேயே பிறக்கின்றன. வீணைத் தந்தி கிட்டார் தந்தியைக் காட்டிலும் நீளமானது; அப்படியிருந்தும் ஒரே மெட்டில் நின்றபடி பல சுரத்தானங்கள் மேலே இழுக்க அது இடம் தருகிறது. நீளம் கூடினால் இழுப்பது கடினம் என்ற மேற்கண்ட விதிக்கு இது முரண்போலத் தோன்றலாம். ஆனால் அவ்விதி, தந்தியும் சுருதியும் மாறாதபோது மட்டுமே பொருந்தும். வீணையின் சாரணித் தந்தி கிட்டாரின் முதல் தந்தியைவிட மிகத் தாழ்ந்த சுருதியில் நிற்பதால், அதன் தகைவு அறுபடும் எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது; தகைவு குறையக் குறைய, ஒரே சுர இடைவெளிக்குத் தேவையான நீட்சியும் குறைகிறது. மெழுகில் உயர்த்திப் பதித்த 24 மெட்டுகள், விரல் தண்டியில் உரசாமல் தந்தியை இழுக்க வசதி செய்கின்றன. மாறாக, மேற்கத்திய மாண்டலினில் ஏறத்தாழ 350 மி.மீ. நீளத்தில் நான்கு இரட்டைத் தந்திகள் உயர்ந்த தகைவில் முறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் விரல் இரண்டு தந்திகளைத் தள்ளியாக வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014) அந்த இரட்டைத் தந்திகளைக் கைவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கையாண்டதில், அவர் மேதைமையோடு இந்த இயற்பியலும் சேர்ந்திருக்கிறது. குறுகிய கருவியெல்லாம் எளிய கருவி என்ற எண்ணத்தை இந்த ஓர் எடுத்துக்காட்டே தகர்க்கப் போதுமானது.

குறுகிய நீளத்துக்கு வேறு விலையும் உண்டு. இழுவிசை குறைந்த தந்தி அகலமாக ஆடுவதால் அடுத்த மெட்டுகளில் பட்டுக் கிணுகிணுக்கும். அதைத் தவிர்க்கத் தந்தியின் உயரத்தைச் சற்றுக் கூட்ட நேரும். கூட்டிய உயரம், நீளத்தைக் குறைத்துப் பெற்ற மென்மையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். கீழ்ச் சுரங்களில் தெளிவும் குன்றும். எந்தத் தந்திக்கும் ஓரளவு விறைப்பு இருப்பதால் அதன் மேற்சுரங்கள் கணித விகிதத்திலிருந்து சற்று உயர்ந்து ஒலிக்கின்றன. ஒரே தந்தியை ஒரே சுருதியில் வைத்தால் இப்பிறழ்வு நீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் வளர்கிறது. பேஸ் கிட்டார் அத்தனை நீளமாக இருப்பதும், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய ஆர்ஃபேரியன் என்னும் கருவியில் மெட்டுகளைச் சாய்வாகப் பதித்துக் கீழ்த் தந்திகளுக்கு மட்டும் கூடுதல் நீளம் தந்ததும் இந்தத் தெளிவைக் காப்பதற்காகவே. அதற்காக நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் தீர்வாகாது. மாட்ரிட் நகரின் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் 1960களில் 664 மி.மீ. நீளத்தில் செய்த கச்சேரிக் கிட்டார்கள் பெரிய அரங்குகளை நிறைத்தன. சிறிய கைகளுக்கு அவை பெரும் சோதனையாகவும் இருந்தன.

கைவலியோடு வருபவரின் கருவியில் முதலில் சோதிக்க வேண்டியது ஸ்கேல் நீளத்தை அன்று, நட்டில் வெட்டிய பள்ளங்களின் ஆழத்தையே. மேற்சொன்ன தடிமனில் தொடங்கும் வழக்கமான ஆறு தந்தித் தொகுதியின் மொத்த இழுவிசை 648 மி.மீ. கிட்டாரில் சுமார் 47 கிலோகிராம். முதல் மெட்டில் சுட்டுவிரலைக் கிடத்தி ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்தும் 'பார்' கார்டுக்கு, தந்திகள் மெட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், அவை மெட்டைத் தொடுவதற்கே சுமார் 700 கிராம் விசை வேண்டும். பள்ளம் சரியாக வெட்டப்படாமல் உயரம் ஒரு மில்லிமீட்டராக இருந்தால் அது 1.4 கிலோகிராம் ஆகிவிடும். ஸ்கேல் நீளத்தை 19 மி.மீ. குறைத்தால் அந்த 700 கிராமில் மிச்சமாவது ஏறத்தாழ 20 கிராம். அரை மில்லிமீட்டர் அரம் போடுவதால் தீரும் துன்பத்துக்காகப் புதுக் கிட்டார் வாங்குவதும், 'விரல் தழும்பேறினால் சரியாகிவிடும்' என்று பிள்ளையை அழவைப்பதும் ஒரே அறியாமையின் இரு வடிவங்கள்.

பினாங்கில் இத்துன்பத்தைத் தட்பவெப்பமும் பெருக்குகிறது. கிட்டார் செய்வோர் பொதுவாக 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தை ஏற்றதாகக் கருதுகின்றனர். கடல் சூழ்ந்த இத்தீவிலோ அது ஆண்டு முழுதும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. மரம் ஈரத்தை உறிஞ்சி நார்களுக்குக் குறுக்காக உப்பும்போது, குதிரை அமர்ந்திருக்கும் மேற்பலகை புடைத்து, தந்திகள் மெட்டுகளை விட்டு மேலே எழுகின்றன; குளிரூட்டிய அறையில் சில வாரம் இருந்தால் திரும்பவும் தாழ்கின்றன. ஆறு எஃகுத் தந்திகள் பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரில் 70 கிலோகிராமைத் தாண்டும் மொத்த இழுவிசையும், நைலான் தந்திக் கிட்டாரில் சுமார் 40 கிலோகிராமும் இந்த உப்பிய பலகையை இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. கருவியைப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைப்பதும், ஆண்டுக்கொரு முறை தந்தி உயரத்தைச் சரிபார்க்கச் செய்வதும் இவ்வூரில் ஆடம்பரம் அல்ல. தொடக்கநிலைச் சிறுவர்க்கு நைலான் தந்தியும் குறுகிய நீளமும் பொருந்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குறுகிய நீளம் தமக்கு ஒத்துவருமா என்பதைப் பணம் செலவழிக்காமல் அறிய ஒரு வழி இருக்கிறது. 648 மி.மீ. கிட்டாரின் ஆறு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி கூட்டி, முதல் மெட்டில் கேப்போ என்னும் கவ்வியைப் பொருத்தினால், சுருதி பழைய இடத்துக்கே திரும்பும். அதிரும் நீளமோ 612 மி.மீ. ஆகிவிடும். 1962இல் வெளிவந்த ஃபெண்டர் ஜாகுவாரின் நீளம் 610 மி.மீ. என்பதால், வாசிப்பவர் ஏறக்குறைய அக்கருவியின் அளவையே கையில் பெறுகிறார். இழுவிசை 11 சதவீதம் தளர்ந்திருப்பதும் மெட்டுகள் நெருங்கியிருப்பதும் உடனே தெரியும். கேப்போ தந்திகளை மெட்டோடு ஒட்டி அழுத்துவதால் நட் உயரத்தின் குறையும் கூடவே மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். கேப்போவோடு வலி முற்றிலும் நீங்குமானால், குற்றம் பெரும்பாலும் நட்டினுடையது. வலி நீங்கியும் விரிப்பு எட்டவில்லையென்றால், குற்றம் நீளத்தினுடையது.

பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்கச் செல்லும் பெற்றோர் கையில் ஓர் அளவுநாடா எடுத்துச் செல்வது நல்லது. கடையில் தொங்கும் கருவியின் நட்டிலிருந்து 12ஆம் மெட்டு வரை அளந்து இரட்டித்துப் பார்த்து, பிள்ளையின் நான்கு விரல்கள் முதல் நான்கு மெட்டுகளையும் மணிக்கட்டு முறுகாமல் எட்டுகின்றனவா என்று சோதித்து, எட்டவில்லையென்றால் 580 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த நீளத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 'வளர்ந்தால் பொருந்தும்' என்று சட்டையைப் பெரிதாக எடுப்பது போல் கிட்டாரைப் பெரிதாக எடுக்காதீர்கள்.